பெட்டியில் போட்டிருக்கும் டிபிஐ எண்ணைப் பார்த்து ஸ்கேனர் வாங்காதீர்கள்

வீட்டில் இருக்கும் பழைய பிரிண்டையும் நெகட்டிவையும் கம்ப்யூட்டரில் ஏற்ற ஃபிளாட்பெட் ஸ்கேனர் (கண்ணாடிமேல் படத்தை வைத்து மூடி ஸ்கேன் பண்ணுகிற வகை) தேடுகிற எல்லாருக்கும் முதலில் கண்ணில் படுவது அந்த டிபிஐ எண்தான், அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு. ஒன்றில் 4800, இன்னொன்றில் 6400, கேனனின் பழைய கேனோஸ்கேன் 9000எஃப் மார்க் 2-இல் 9600 என்றே போட்டிருக்கும். எண் பெரிதாக இருந்தால் படம் துல்லியமாக வரும் என்றுதானே யாருக்கும் தோன்றும்? வராது. சென்சார் எத்தனை புள்ளி எடுக்கிறது, அதை நகர்த்தும் மோட்டார் எவ்வளவு பொடிப்பொடியாக அடி வைக்கிறது என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்கிறது. நடுவில் ஒரு லென்ஸ் இருக்கிறது, ஒரு கண்ணாடி இருக்கிறது, ஃபிலிம் எந்த உயரத்தில் நிற்கிறது என்ற விஷயம் ஒன்று இருக்கிறது. படத்தில் எவ்வளவு விவரம் வரும் என்பதை இவைதான் முடிவு செய்கின்றன, இவை எதுவும் பெட்டியில் எழுதியிருக்காது.

எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி600-ஐ எடுத்துக்கொள்வோம். வீட்டில் கிடக்கும் படங்களை ஸ்கேன் பண்ண யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் பெயர் இதுதான், 2009-இல் வந்த மாடல். கம்பெனி சொல்வது 6400 டிபிஐ. ஆனால் ரெசல்யூஷன் அளக்கும் யூஎஸ்ஏஎஃப் 1951 என்ற சோதனை அட்டையை வைத்து ஸ்கேன் பண்ணிப் பார்த்தவர்கள் சொல்வது சுமார் 1500, 1600. அந்த அட்டையில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் படிப்படியாக மெலிந்துகொண்டே போகும், எந்த இடத்தில் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து சாம்பல் பட்டையாகிவிடுகிறதோ அதுதான் அந்த ஸ்கேனரின் எல்லை. ஒரு மில்லிமீட்டருக்கு 32 ஜோடிக் கோடுகள் வரை பிரித்துக் காட்டினால் அது ஏறக்குறைய 1625 டிபிஐ. 9600 போட்ட அந்தக் கேனனும் இந்தச் சோதனையில் 2000-ஐத் தொடுவதில்லை.

இதைப் படித்துவிட்டு வி600 மட்டமான ஸ்கேனர் என்று முடிவு கட்ட வேண்டாம். எனக்கு அது பிடித்த ஸ்கேனர்தான். 35 எம்எம் ஃபிரேம் 36 x 24 மி.மீ., அதில் 1600 டிபிஐ உண்மையாகக் கிடைத்தால் சுமார் 2270 x 1510 பிக்சல், அதாவது மூன்றரை மெகாபிக்சல் அளவுக்கு நிஜமான விவரம். ஃபோனில் பார்க்க, உறவுக்காரர்களுக்கு அனுப்ப, 5 x 7 அங்குலத்தில் பிரிண்ட் போட இது தாராளமாகப் போதும். சுவரில் மாட்டப் பெரிய பிரிண்ட் வேண்டும் என்றால் போதாது. இவ்வளவுதான் விஷயம், ஆனால் இது தெரியாமல் 6400-இல் வைத்து ஸ்கேன் பண்ணுகிறவர்கள் நிறைய. அப்படிப் பண்ணினால் ஒரு ஃபிரேமுக்கு 55 மெகாபிக்சல், சுருக்காமல் சேமிக்கும் 48 பிட் டிஃப் (TIFF) ஃபைலாக வைத்தால் ஒரே படம் சுமார் 330 எம்பி. ஹார்டு டிஸ்க் நிறையும், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் காத்திருக்கும் நேரம் பல மடங்காகும், படத்தில் புதிதாக ஒரு மயிரிழைகூடக் கூடுதலாகத் தெரியாது. 2400-இல் வையுங்கள். மனசு கேட்கவில்லை என்றால் 3200, அதற்கு மேல் வி600-இல் போவதில் அர்த்தமே இல்லை.

சரி, எதை வாங்குவது? அதற்கு முன்னால் உங்களிடம் இருக்கிற பழைய படப் பெட்டியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று தரம் பிரியுங்கள். வெறும் பிரிண்ட் மட்டுமா, 35 எம்எம் நெகட்டிவா, அட்டைச் சட்டத்தில் போட்ட ஸ்லைடா, இல்லை 120 என்ற அகலமான ஃபிலிமில் எடுத்த சதுர நெகட்டிவ் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைப் பொறுத்துத்தான் பதில் மாறும், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஸ்கேனரைக் கைகாட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை.

வெறும் பிரிண்ட் என்றால் வேலை சுலபம். பிரிண்டில் இருக்கும் விவரமே 300 டிபிஐக்கு அக்கம்பக்கம்தான், 600-இல் ஸ்கேன் பண்ணினால் காகிதத்தில் இருப்பது எல்லாம் வந்துவிடும். 4 x 6 அங்குலப் படம் 600-இல் 2400 x 3600 பிக்சல் வரும். அந்தக் காலத்தில் நெகட்டிவ் அளவிலேயே போட்ட பொடி காண்டாக்ட் பிரிண்டுகளை மட்டும் 1200-இல் எடுக்கலாம், அதில் சில சமயம் ஆச்சரியமாக விவரம் ஒளிந்திருக்கும். இந்த வேலைக்குக் கேனோஸ்கேன் லைட் 400, எப்சன் வி39 மாதிரி மெலிசான, யூஎஸ்பி ஒயரிலேயே கரண்ட் எடுத்துக்கொள்கிற ஸ்கேனர் போதும். ஆனால் இவற்றில் இருப்பது சிஐஎஸ் சென்சார். கண்ணாடியோடு ஒட்டிக் கிடப்பதை மட்டும்தான் அது தெளிவாகப் பார்க்கும், ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் மேலே எழும்பினாலே மங்கிவிடும். ஓரம் சுருண்ட பிரிண்ட், கெட்டியான ஆல்பம் பக்கம், தடித்த அட்டையில் ஒட்டிய ஸ்டூடியோ படம் இவையெல்லாம் உங்களிடம் நிறைய இருந்தால் சிசிடி சென்சார் உள்ள ஸ்கேனருக்குப் போங்கள், வி600 அந்த வகை. சிசிடியில் கண்ணாடிக்கும் சென்சாருக்கும் நடுவில் நிஜமான லென்ஸ் உண்டு, அதனால் கொஞ்சம் தூக்கலாக இருக்கும் பகுதியும் தெளிவாக வரும். ஸ்கேனர் பருமனாக இருப்பதற்குக் காரணமும் அதுதான், மேஜையில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரிண்டில் தலைவலி கொடுக்கிற ரகம் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் ஸ்டூடியோக்களில் தேன்கூடு மாதிரி, பட்டுத்துணி மாதிரி சொரசொரப்பான காகிதத்தில் போட்டுக் கொடுப்பார்களே, அது. ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழுவதால் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு மினுக்கம், ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு நிழல், முகம் முழுக்கப் புள்ளிப்புள்ளியாக வந்து நிற்கும். எந்த விலை கொடுத்து எந்த ஃபிளாட்பெட் வாங்கினாலும் இது பெரும்பாலும் வரும். ஒரு வழி இருக்கிறது: ஒரு தடவை ஸ்கேன் பண்ணிவிட்டு, பிரிண்டைக் கண்ணாடியிலேயே 180 டிகிரி சுற்றி வைத்து இன்னொரு தடவை ஸ்கேன் பண்ணி, ஃபோட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ இரண்டையும் நேராக்கி ஒன்றின்மேல் ஒன்று வைத்து, மேலிருக்கும் லேயரைப் பாதி ஒளிபுக விட்டால் மினுக்கம் பெரும்பாலும் அடங்கிவிடும். முக்கியமான நாலைந்து படத்துக்குச் செய்யலாம், மொத்த ஆல்பத்துக்கும் செய்ய யாருக்குப் பொறுமை இருக்கிறது?

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு படத்துக்குப் பிரிண்டும் இருக்கிறது நெகட்டிவும் இருக்கிறது என்றால் நெகட்டிவை ஸ்கேன் பண்ணுங்கள். பிரிண்ட் என்பது லேபில் யாரோ ஒருவர் வெளிச்சத்தையும் நிறத்தையும் முடிவு செய்து, ஓரத்தைக் கொஞ்சம் வெட்டி எடுத்துக் கொடுத்த பிரதி. வெளிறிப்போன வானமும், கறுப்பாகிப்போன கோட்டு மடிப்பும், படத்தின் ஓரத்தில் பாதியோடு நின்றுவிட்ட ஆளும் நெகட்டிவில் முழுசாக இருக்க வாய்ப்பு அதிகம். வருஷக்கணக்கில் ஆல்பத்தில் இருந்து சிவப்பேறிப்போன வண்ண பிரிண்டை மென்பொருளில் சரிசெய்ய மல்லுக்கட்டுவதைவிட நெகட்டிவைத் தேடி எடுப்பது நல்லது.

இனி ஃபிலிம். இங்கேதான் காசு போகும். ஃபிலிமுக்கு வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும், அதனால் மூடிக்குள் விளக்கு இருக்கிற ஸ்கேனர்தான் வேண்டும். லைட் 400, வி39 இரண்டிலும் அது கிடையாது, நெகட்டிவுக்கு அவற்றை நினைக்கவே வேண்டாம். வெள்ளைத் தாளை மேலே வை, டேப்லெட் திரையைக் கவிழ்த்து வை என்று சொல்கிற வீடியோக்களைப் பார்த்து மயங்காதீர்கள்.

வி600-இன் மூடியில் நீளவாக்கில் ஒரு பட்டையாக எல்இடி விளக்கு. பட்டையின் அகலம் 120 ஃபிலிமுக்குச் சரியாக இருக்கும், ஒரு படத்துக்கு ஒரு தாளாக வரும் 4 x 5 அங்குல ஷீட் ஃபிலிமுக்குப் போதாது. மூடியின் உட்பக்கம் பிரிண்டுக்காக வைத்திருக்கும் வெள்ளைப் பலகையைக் கழற்றினால்தான் இந்த விளக்கு வெளியே தெரியும். புது ஸ்கேனர் ஃபிலிமை மட்டும் கறுப்பாகவே காட்டுகிறது, பழுது என்று யாராவது சொன்னால் முதலில் அந்தப் பலகையைக் கழற்றினீர்களா என்று கேளுங்கள். ஃபிலிமைப் பிடித்துக்கொள்ளும் சட்டமான ஹோல்டரில் 35 எம்எம் நெகட்டிவ் ஆறு ஆறாக இரண்டு துண்டு, ஆக 12 ஃபிரேம் வைக்கலாம், சட்டம் போட்ட ஸ்லைடு என்றால் நான்கு. இந்த நான்கு என்பதுதான் ஸ்லைடு நிறைய வைத்திருப்பவர்களை வாட்டும். நான்கு வை, பிரிவியூ பார், ஸ்கேன் பண்ணு, எடு, ஊது, அடுத்த நான்கு வை. பெட்டி பெட்டியாக ஸ்லைடு இருந்தால் இந்த வேலை மாதக்கணக்கில் இழுக்கும்.

ஹோல்டர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கணக்கில் ஃபிளாட்பெட் ஃபிலிம் ஸ்கேனில் பாதி ரிசல்ட் அங்கேதான் இருக்கிறது. வி600-இல் ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. லென்ஸ் ஓர் உயரத்துக்குப் பொருத்தியிருக்கும், ஃபிலிம் அந்த உயரத்தில் தட்டையாக நிற்க வேண்டும். கூட வரும் ஹோல்டர் மெல்லிய பிளாஸ்டிக், உயரத்தை மாற்றவும் வழி இல்லை. ஃபிலிமோ ஓரத்தில் மட்டும் பிடிபட்டு நடுவில் குழிந்து நிற்கும். அப்படி ஸ்கேன் ஆன படத்தை நூறு சதவீதத்தில் விரித்துப் பார்த்தால் தெரியும்: ஓரத்தில் இருக்கும் ஜன்னல் கம்பி கூர்மையாக இருக்கும், கம்பிக்குப் பக்கத்தில் சுவரில் ஃபிலிமின் கிரெய்ன், அதாவது படத்தை உருவாக்கும் பொடித் துகள்கூட மணல்மணலாகத் தெரியும், அப்படியே கண்ணை நடுவுக்குக் கொண்டுவந்தால் அதே சுவர் வழவழவென்று மெழுகியது போல் ஆகியிருக்கும், அங்கே உட்கார்ந்திருப்பவரின் கண் இமைகள் சேர்ந்து ஒரு கறுப்புக் கோடாகியிருக்கும். கேமராவில் ஃபோகஸ் தப்பியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நாம் ஷார்ப்னெஸ்ஸைக் கூட்டுவோம். குற்றம் கேமராவில் இல்லை. கிரெய்ன் ஓரிடத்தில் தெரிந்து இன்னோர் இடத்தில் தெரியவில்லை என்றால் அது ஸ்கேனரில் ஃபிலிம் நின்ற விதம்தான்.

இதற்குச் செலவில்லாத வைத்தியம் இருக்கிறது. சுருண்ட நெகட்டிவை ஆசிட் இல்லாத உறையில் போட்டுக் கனமான புத்தகங்களுக்கு அடியில் கொஞ்ச நாள் வைத்தால் பெரும்பாலும் தட்டையாகும். அப்புறம் ஹோல்டரின் உயரம். நல்ல கிரெய்ன் தெரிகிற ஒரு நெகட்டிவை வைத்து ஒரு ஸ்கேன் எடுங்கள், பிறகு ஹோல்டரின் நான்கு மூலைக்கும் அடியில் ஒரே தடிமனுள்ள அட்டைத் துண்டு கொடுத்து இன்னொரு ஸ்கேன், மேலும் ஓர் அட்டை கொடுத்து இன்னொன்று என்று எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். எதில் கிரெய்ன் நன்றாகத் தெரிகிறதோ அந்த உயரத்தில் அட்டையை ஒட்டிவிடலாம். ஒரே மாடலிலும் ஸ்கேனருக்கு ஸ்கேனர் இந்த உயரம் மாறும் என்பதால் அடுத்தவர் சொன்ன அளவை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஃபிலிமை நேரே கண்ணாடியில் படுக்க வைத்துவிடலாமே என்று தோன்றும். அப்படி வைத்தால் கண்ணாடியும் ஃபிலிமும் தொடும் இடத்தில் வானவில் நிறத்தில் வளையம் வளையமாக வரும், நியூட்டன் வளையம் என்பார்கள், அதை மென்பொருளில் அழிப்பது நரக வேலை. ஃபோகஸும் கிடைக்காது.

எப்சன் வி850 (2014-இல் வந்தது) இந்த விஷயத்தில்தான் காசுக்கு ஏற்ற வேலை செய்கிறது. ஹோல்டரின் உயரத்தைத் தேவைக்கு ஏற்ப மாற்றலாம், ஃபிலிமைத் தட்டையாகப் பிடிக்க நியூட்டன் வளையம் வராத தகடு உண்டு, நெகட்டிவ் 18 ஃபிரேம், ஸ்லைடு 12 ஒரே தடவையில் போகும், 8 x 10 அங்குல ஃபிலிம் வரை மூடி விளக்கு ஒளி கொடுக்கும். இரண்டு லென்ஸ் வேறு: ஹோல்டரில் நிற்கும் ஃபிலிமுக்கு ஒன்று, நேரே கண்ணாடியில் வைப்பதற்கு இன்னொன்று. மென்பொருளில் ஹோல்டர் என்பதற்குப் பதில் ஏரியா கைடு என்று தவறாகத் தேர்ந்தெடுத்தால் லென்ஸ் மாறி எல்லாப் படமும் மங்கலாக வரும், இதைக் கவனிக்காமல் ஸ்கேனரைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சோதனை அட்டையில் இது காட்டுவது 2300 அளவில். வி600-ஐவிடக் கூடுதல்தான், ஆனால் விலை வித்தியாசத்தைப் பார்த்தால் 35 எம்எம் மட்டும் வைத்திருப்பவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். 120 ஃபிலிமும் ஷீட் ஃபிலிமும் குவிந்து கிடக்கிறது என்றால் யோசிக்காமல் வாங்கலாம்.

120 ஃபிலிமைப் பற்றி நல்ல செய்தி உண்டு. அதன் 6 x 6 ஃபிரேம் உண்மையில் 56 மி.மீ. சதுரம். வி600 தரும் 1500 டிபிஐயிலேயே அது பத்து மெகாபிக்சலைத் தாண்டிவிடும். அதனால் ஃபிளாட்பெட்டின் பலவீனம் 35 எம்எம்மில்தான் உறுத்தும், பெரிய ஃபிலிமில் அவ்வளவாகத் தெரியாது. தாத்தா காலத்துப் பெட்டிக் கேமரா நெகட்டிவ்களை வி600-இல் போட்டுப் பார்த்தவர்கள் சந்தோஷப்படுவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது தூசி. வாங்குவதற்கு முன் டிபிஐயைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது அகச்சிவப்பு வசதி இருக்கிறதா என்பதை. எப்சன் இதை டிஜிட்டல் ஐஸ் என்கிறது, கேனன் ஃபேர் என்கிறது. வேலை செய்யும் விதம் அழகானது: வண்ண ஃபிலிமில் இருக்கும் சாயம் அகச்சிவப்பு ஒளியை அப்படியே விட்டுவிடும், தூசியும் கீறலும் விடாது. ஆகவே அகச்சிவப்பில் எடுத்த ஸ்கேனில் படம் மறைந்துபோய்த் தூசி மட்டும் கறுப்பாக நிற்கும். எங்கெங்கே தூசி என்று தெரிந்துவிட்டதால் மென்பொருள் அந்த இடங்களை மட்டும் சுற்றியுள்ளதை வைத்து நிரப்பிவிடுகிறது. வருஷக்கணக்கில் டப்பாவில் கிடந்த வண்ண நெகட்டிவில் இது செய்கிற மாயத்தைப் பார்த்தால் இது இல்லாத ஸ்கேனரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீர்கள். ஒவ்வொரு தூசியாக மவுஸை வைத்து அழிக்கிற வேலையை ஒரு மாலை முழுக்கச் செய்து பாருங்கள், தெரியும். நேரம் மட்டும் கூடுதலாக எடுக்கும், ஐஸ் போட்டால் ஒரு ஃபிரேமுக்குச் சில நிமிஷம் காத்திருக்க வேண்டும்.

ஆனால் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இதை அணைத்துவிட வேண்டும். அங்கே படமே வெள்ளித் துகள்தான், வெள்ளி அகச்சிவப்பை மறிக்கும், மென்பொருள் படத்தையே தூசி என்று நினைத்து முகத்தையெல்லாம் தேய்த்துவிடும். இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 மாதிரி வண்ண ஃபிலிம் முறையில் கழுவுகிற கறுப்பு வெள்ளை ஃபிலிமில் கடைசியில் மிஞ்சுவது சாயம்தான் என்பதால் அதற்கு ஐஸ் வேலை செய்யும். கோடாக்ரோம் ஸ்லைடு இன்னொரு தொல்லை, அகச்சிவப்பை ஓரளவு அதுவும் மறிக்கும், சில படத்தில் சரியாக வரும், சிலவற்றில் இருண்ட விளிம்புகளில் கசமுசா ஆகும். ஸ்லைடின் அட்டைச் சட்டத்திலேயே கோடாக்ரோம் என்று அச்சடித்திருக்கும், பார்த்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். 1935-இல் வந்து 2009-இல் தயாரிப்பு நின்ற ஃபிலிம் அது, நிறம் இன்னும் மங்காமல் இருக்கும் ஸ்லைடு எதையாவது பார்த்தால் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஆக, உங்கள் பெட்டி முழுக்கக் கறுப்பு வெள்ளை என்றால் ஐஸ் வசதிக்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண். பிரிண்டுக்கும் வி600-இல் ஐஸ் உண்டு, அதை நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன்.

டிமேக்ஸ் என்று ஓர் எண்ணும் பெட்டியில் இருக்கும். ஃபிலிமின் எவ்வளவு இருண்ட பகுதி வரை ஸ்கேனரால் ஊடுருவிப் பார்க்க முடியும் என்பதற்கான அளவு. வி600-க்கு 3.4, வி850-க்கு 4.0 என்று போட்டிருக்கிறார்கள். இது லாகரிதம் கணக்கு, 3 என்றால் ஆயிரத்துக்கு ஒன்று, 4 என்றால் பத்தாயிரத்துக்கு ஒன்று, அதனால் பார்க்கச் சின்ன வித்தியாசமாக இருந்தாலும் சின்னதில்லை. டிபிஐ மாதிரியே இதுவும் கம்பெனி சொல்லும் கணக்குதான், முழுசாக நம்ப வேண்டாம். நெகட்டிவுக்கு இது பிரச்சினையே இல்லை, எந்த நெகட்டிவும் அவ்வளவு அடர்த்தியாக இருக்காது. ஸ்லைடில்தான் மாட்டிக்கொள்வோம். இரவில் எடுத்த ஸ்லைடு, கறுப்பு உடை, மரநிழல் இவற்றில் வி600 ஒரு கட்டத்துக்கு மேல் திணறும், நிழலைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே வெறும் புள்ளிக் குழப்பம்தான் இருக்கும்.

உங்களிடம் இருப்பது 35 எம்எம் மட்டும்தான், அதுவும் நிறைய ஸ்லைடு என்றால் ஃபிளாட்பெட்டை விட்டுவிட்டு 35 எம்எம் ஃபிலிமுக்கென்றே செய்த பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் ஸ்கேனர் பக்கம் போங்கள். ஃபிளாட்பெட் பற்றிய கட்டுரையில் இதைச் சொல்வது வேடிக்கைதான், இருந்தாலும் உண்மை அதுதான். 7200 என்று போட்டிருக்கும், நிஜத்தில் 3000-ஐத் தாண்டித் தரும், வி600-ஐப்போல இரண்டு மடங்கு. அதே ஜன்னல், அதே சுவர், அதில் தொங்கும் காலண்டர்: வி600 ஸ்கேனில் தேதிக் கட்டங்கள் இருப்பது தெரியும், பிளஸ்டெக் ஸ்கேனில் மாதத்தின் பெயரைப் படிக்கலாம், வித்தியாசம் அந்த அளவில் இருக்கும். 8100-இல் அகச்சிவப்பு கிடையாது, 8200ஐ, 8300ஐ இரண்டிலும் உண்டு, பெயரின் கடைசியில் வரும் ஐ அதற்குத்தான். ஆனால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஹோல்டரைக் கையால் தள்ள வேண்டும், போட்டுவிட்டு டீ குடிக்கப் போக முடியாது. பிரிண்டும் 120-உம் இதில் நடக்காது.

மிக அருகில் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸோடு நல்ல கேமரா ஏற்கனவே கையில் இருக்கிறவர் லைட் பேனல் வைத்து ஃபிலிமைப் படம் பிடிப்பது இப்போது பரவலாகிவிட்டது. வேகத்தில் எந்த ஸ்கேனரும் அதன் கிட்டே நிற்க முடியாது, துல்லியமும் அருமை. தூசியை மட்டும் நீங்களே துடைக்க வேண்டும், வண்ண நெகட்டிவின் ஆரஞ்சுப் படலத்தை நீக்கி நிறத்தைத் திருப்புவதற்குத் தனி மென்பொருளும் கொஞ்சம் பழக்கமும் வேண்டும். கேமராவே இல்லாதவர் இதற்காகப் புதிதாக எல்லாம் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மென்பொருள் பற்றிச் சுருக்கமாக. எப்சனோடு வருகிற எப்சன் ஸ்கேன் போதுமானது, அதைப் புரொஃபஷனல் மோடில் வைத்துக்கொள்ளுங்கள். தம்ப்நெயில் பிரிவியூ ஃபிரேமைத் தானாக வெட்டிக் கொடுக்கும், சௌகரியம்தான், ஆனால் ஓரத்தில் கொஞ்சம் தின்றுவிடும், இருட்டுப் படத்தில் எல்லையே தெரியாமல் குழம்பி எங்கேயோ வெட்டும். ஷார்ப்பனிங்கை அணைத்துவிடுங்கள், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். படத்தின் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் இரண்டு முனையையும் ஆட்டோ ரொம்ப நெருக்கி வெட்டியிருக்கும், கொஞ்சம் வெளியே தள்ளி வையுங்கள், படம் சப்பென்று தெரிந்தாலும் பரவாயில்லை, விவரம் தங்கும். தனியாக வாங்குகிற ஸ்கேன் மென்பொருள்களில் சில்வர்ஃபாஸ்ட் திறமைசாலி, ஆனால் முகம் சுளிக்க வைக்கும் இடைமுகம், போதாததற்கு லைசென்ஸ் ஸ்கேனர் மாடலோடு கட்டுப்பட்டது, ஸ்கேனரை மாற்றினால் அதையும் மறுபடி வாங்க வேண்டும். இன்னொரு மென்பொருளான வியூஸ்கேன் பார்க்க அழகாக இருக்காது, ஆனால் கம்பெனியே டிரைவர் கொடுப்பதை நிறுத்திவிட்ட பழைய ஸ்கேனர்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட வைக்கும். ஓரமாகக் கிடக்கும் ஸ்கேனரைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதன் இலவச சோதனைப் பதிப்பைப் போட்டுப் பாருங்கள்.

ஸ்கேன் பண்ணும்போது கவனிக்க ஒன்று இருக்கிறது, கையேட்டில் எங்கேயோ ஒரு மூலையில் எழுதியிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. ஃபிலிம் ஹோல்டரின் ஒரு முனையில் காலியாக ஒரு திறப்பு இருக்கும். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன் ஸ்கேனர் அந்தத் திறப்பின் வழியாக வெறும் வெளிச்சத்தைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அங்கே கண்ணாடியில் ஒரு துளி தூசி இருந்தால்கூட அந்தப் புள்ளியிலிருந்து எல்லாப் படத்திலும் அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி நேராக ஒரு கோடு விழும். படம் மாறினாலும் கோடு அதே இடத்தில் நின்றால் நெகட்டிவைச் சந்தேகப்படாமல் முதலில் அந்த இடத்தைத் துடையுங்கள். கண்ணாடியைத் துடைக்க மைக்ரோஃபைபர் துணி, திரவம் எதுவானாலும் துணியில் தெளிக்க வேண்டும், கண்ணாடியில் நேரே தெளித்தால் ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும். ஃபிலிமுக்குக் கையால் அழுத்துகிற ரப்பர் புளோயர் போதும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் பட்ட இடம் கறையாகிவிடும்.

பழைய ஸ்கேனர் வாங்குவதில் தப்பில்லை, இந்தத் துறையில் பெரிய மாற்றம் எதுவும் நடந்துவிடவில்லை. பார்க்க வேண்டியது மூன்று. டார்ச்சைச் சாய்வாக அடித்துக் கண்ணாடியைப் பாருங்கள், வயதான ஸ்கேனர்களில் கண்ணாடியின் உட்பக்கம் பனி படர்ந்த மாதிரி ஒரு படலம் படிந்திருக்கும், அது வெளிச்சத்தைச் சிதறடித்து கான்ட்ராஸ்ட்டைக் கெடுக்கும், துடைக்க ஸ்கேனரைத் திறந்தாக வேண்டும். அடுத்து, மூடி விளக்கு எரிவதை நேரில் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள், பிரிண்ட் நன்றாக வருகிறது என்று விற்பவர் காட்டுவதை வைத்து ஃபிலிமும் வரும் என்று சொல்ல முடியாது, இரண்டுக்கும் விளக்கு வேறு. மூன்றாவதாக ஹோல்டர். வீடு மாறும்போது முதலில் தொலைவது இந்தப் பிளாஸ்டிக் சட்டங்கள்தான், தனியாகத் தேடினால் சுலபத்தில் கிடைக்காது, கிடைத்தாலும் கேட்கிற விலை எரிச்சலைக் கிளப்பும். ஹோல்டர் இல்லை, ஆனால் விலையில் குறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், பிரிண்ட் மட்டும் ஸ்கேன் பண்ணப் போகிற வேறு யாராவது அதை வாங்கிக்கொள்ளட்டும்.